தகரம் குழுவுக்கு நான் எழுதிய விமர்சனம்

விமர்சனத்துக்கு வந்த எந்தக் கேசட்டையும் நான் வைத்துக்கொண்டதில்லை, இன்ஸ்பெக்டர் சார். கேட்டு எழுதி முடித்ததும் பழைய புரூஃப் தாளில் சுற்றி, சணல் கட்டி, அனுப்பியவர் விலாசத்துக்கே தபாலில் திருப்பிவிடுவேன். பத்து வருஷத்தில் இருநூறுக்கு மேல் வந்திருக்கும். ஸ்தனிஸ்லாஸ் சாருக்கு அனுப்பினால் பத்திரமாகத் திரும்பி வரும் என்று பையன்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

நான் சொல்லச் சொல்லக் கான்ஸ்டபிள் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். எழுதத் தெரிந்தவன் இருக்கும்போது அவருக்கு எதற்குச் சிரமம். தவிரவும் ஒற்றுப்பிழை வரும். இருபத்திரண்டு வருஷமாக அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன் நான். பிழையோடு ஒரு தாளில் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

மேலப்புதூரில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொன்மலை ரயில்வே காலனியில் எனக்கு ஒரு ஆங்கிலோ இந்திய நண்பர் இருந்தார். குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகும்போது தன்னுடைய ரெக்கார்டு பிளேயரையும் நாற்பது இசைத்தட்டையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ராக் இசை எனக்கு அப்படித்தான் வந்தது. பிறகு பாலக்கரைக் கடைகளில் துபாயிலிருந்து வந்த கேசட்டுகள் கிடைத்தன. லண்டனில் வேலை இல்லாத பையன்கள் கிதாரில் மூன்றே மூன்று கார்டு கற்றுக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தி, இரண்டு நிமிஷத்தில் பாட்டை முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பெயர் பங்க். முதலில் கேட்டபோது ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

1978இல் மெட்ராஸிலிருந்து வரும் ஒரு மாத இதழில் அரைப்பக்கம் கொடுத்தார்கள். ‘புதுச் சத்தம்’ என்று தலைப்பு வைத்தேன். புதிதாகக் கிளம்பும் ராக் குழுக்களின் பாட்டுகளைக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு வரி. வந்ததில் முக்கால்வாசி இங்கிலீஷ் பாட்டை அப்படியே நகல் எடுத்ததுதான். மனம் நோக எழுதமாட்டேன். டிரம்ஸ் நன்றாக இருந்தால் டிரம்ஸைச் சொல்வேன். ஒன்றுமே இல்லாவிட்டால் கேசட்டின் அட்டைப்படத்தைப் பாராட்டுவேன். நேர்மையான ஆள் என்று பெயர் இருந்தது.

82 ஜூன் மாதம் ஒரு கேசட் வந்தது. மேலே பேனாவால் ‘தகரம்’ என்று எழுதியிருந்தது. நாலு பாட்டு. நாலும் தமிழில். முதல் பாட்டின் பெயர் ‘தண்ணி லாரி’. அது பஞ்சம் தொடங்கிய வருஷம், உங்களுக்கு நினைவிருக்கும். யாரோ நிஜமாகவே ஒரு தகர டின்னை அடிக்கிறான். கிதார் அறுக்கிறது. அதன் மேல் ஒரு குரல்.

‘வண்டி வருது வண்டி வருது
வந்தது வெறும் சத்தம்’

அவ்வளவுதான் பல்லவி. அதையே ஒன்பது தடவை பாடுகிறான். ஒவ்வொரு தடவையும் அந்தத் தெருவில் இன்னும் ஒரு ஆள் வந்து குடத்தோடு நிற்பது போல இருந்தது. கடைசியில் தெருவே நிற்கிறது. லாரி வரவில்லை. பாட்டு நின்றுவிடுகிறது.

பதினோரு தடவை கேட்டேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பிறகு உட்கார்ந்து இப்படி எழுதினேன்: ‘திருச்சியிலிருந்து தகரம். பெயருக்கேற்ற சத்தம். பாடுபவருக்குப் பக்குவம் போதாது. இன்னும் இரண்டு மூன்று வருஷம் பயிற்சி எடுத்துக்கொண்டு அனுப்பலாம்.’

ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள். வளர்கிற பிள்ளையைத் தலையில் தூக்கி வைக்கக் கூடாது. முதல் கேசட்டிலேயே புகழ்ந்தால் கெட்டுப்போவார்கள். அவர்கள் நன்மைக்காகத்தான் எழுதினேன்.

இதழ் வந்த மறு ஞாயிறு மூன்று பேரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைப் பாதிதான் திறந்தேன். பாடுகிறவன் பிலோமின்ராஜ். வயது இருபத்து மூன்று. மன்னார்புரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அப்பா மருங்காபுரிப் பக்கம், மழையை நம்பி விதைத்தே ஓய்ந்துபோனவர். அவர் இறந்த பிறகு அம்மா இருதயமேரி மகனோடு தென்னூருக்கு வந்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். கிதார் வாசிப்பவன் சௌரி, ஸ்ரீரங்கத்து வைஷ்ணவப் பையன். டிரம்ஸ் அப்துல் மாலிக், பாலக்கரை.

“சார், பக்குவம் போதாதுன்னு எழுதியிருந்தீங்களே,” என்றான் பிலோமின்ராஜ். சிரித்துக்கொண்டிருந்தான். “அத எங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன் சார். நல்லா வேணும்டா உனக்குன்னாங்க.”

“பேப்பர்ல எங்க பேர் வந்ததே பெரிசு சார்,” என்றான் மாலிக்.

சௌரி மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஆத்துல யாருக்கும் தெரியாது சார். என் பேரை மட்டும் போட்டுடாதீங்கோ,” என்றான்.

உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தேன். நாலு பாட்டையும் பற்றி இரண்டு மணி நேரம் பேசினேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. போகும்போது பிலோமின்ராஜ், “ஞாயித்துக்கிழமை பிராக்டிஸுக்கு வாங்க சார். தப்பை அங்கேயே சொல்லிடுங்க,” என்றான்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம், பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். கொள்ளிடக் கரையோரம் சௌரி வீட்டு வாழைத்தோப்பு. அதில் ஒரு பம்ப்செட் கொட்டகை. அங்கே என்ன கத்தினாலும் கேட்பதற்கு வாழைதான் உண்டு. தரை எப்போதும் ஈரமாக இருக்கும்.

மைக்குக்கும் கிதாருக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர். அதைச் செய்து கொடுத்தவர் பஷீர் அகமது. மாலிக்கின் தாய்மாமன், பாலக்கரையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பழைய சாமான்களைச் சேர்த்துச் செய்த பெட்டி. ஒரு ஞாயிறு பையன்கள் வருவதற்கு முன்பே அவர் கொட்டகைக்கு வந்து, பின்பக்கம் மண்ணில் ஒரு கம்பியை அடித்து, பெட்டியிலிருந்து அதற்கு ஒரு எர்த் ஒயர் இழுத்துக் கட்டினார். அந்த ஒயரில் வெளிப்பக்கம் ஒரு சிவப்புத் துணியை முடிந்துவைத்தார்.

“சார், பெட்டி பழசு. கரண்ட் கசியும். ஈரத் தரை வேற. இந்தச் சிவப்புத் துணி ஒயர் இல்லாம ஒருநாளும் மெயினைப் போட விடாதீங்க. நீங்க பெரியவங்க. நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க,” என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டும் இருந்தேன். வாராவாரம் முதலில் போய் அதைத் தொட்டுப் பார்ப்பது நான்தான்.

இடையில் ஒரு சின்ன விஷயம். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே நானாகச் சொல்கிறேன். வாலிப வயதில் நானும் சில பாட்டுகள் எழுதியிருந்தேன். ஒருநாள் அதில் ஒன்றைப் பிலோமின்ராஜிடம் கொடுத்தேன். ஆறு, நிலா, பிரிவு எல்லாம் அதில் உண்டு. எதுகை ஒரு இடத்திலும் தவறவில்லை. அவன் மரியாதையாக வாங்கிப் படித்து, மெட்டுக் கட்டி, ஒரு தடவை முழுசாகப் பாடியும் காட்டினான். பாடி முடித்துத் தாளை மடித்து என்னிடமே கொடுத்தான்.

“நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இதுல யாரும் இல்ல சார்,” என்றான்.

கிண்டலாகச் சொல்லவில்லை. லேத்தில் ஒரு சாமான் அளவு தப்பியிருந்தால் சொல்வது போலச் சொன்னான். நானும் சிரித்துவிட்டேன். அன்று பஸ்ஸில் வரும்போது காவிரிப் பாலத்தில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டதாக ஞாபகம். அதோடு சரி. அதை நான் மறுபடி நினைத்ததே இல்லை.

83 டிசம்பரில் அவர்கள் ஒரு கல்லூரி விழாவில் பாடினார்கள். பம்பாயிலிருந்து வந்திருந்த ஒரு இசைத்தட்டுக் கம்பெனி ஆள் அதைக் கேட்டிருக்கிறார். குழுவின் விலாசம் தெரியாமல் இதழ் மூலமாக எனக்குக் கடிதம் எழுதினார். தண்ணி லாரி பாடிய பையன்களை மெட்ராஸ் ஸ்டுடியோவில் பதிவு செய்ய விரும்புகிறோம், தொடர்பு கொடுக்க முடியுமா என்று. அந்தக் குழு கலைந்துவிட்டது என்று பதில் போட்டேன். ஜனவரியில் இன்னொரு கடிதம் வந்தது. பாடகர் மட்டும் கிடைத்தாலும் போதும் என்று. பாடகர் துபாய்க்குப் போய்விட்டார் என்று எழுதினேன்.

பம்பாய்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். தகர டின்னை எடுத்துவிட்டு வயலின் வைப்பார்கள். தலையை வாரிவிட்டு போட்டோ எடுப்பார்கள். அந்தப் பாட்டு செத்துப்போகும். யாராவது அதைக் காப்பாற்ற வேண்டும். அதன் மதிப்பு தெரிந்தவன் திருச்சியில் நான் ஒருவன்தான்.

ஆனால் அந்த ஆள் விடவில்லை. கல்லூரி மூலமாகவே விலாசம் வாங்கி நேராக எழுதிவிட்டார். நான் போட்ட இரண்டு பதிலையும் உறைக்குள் வைத்திருந்தார். மார்ச் முதல் வாரம், சாப்பாட்டு வேளையில் பிலோமின்ராஜ் அச்சகத்துக்கு வந்தான். கையில் கிரீஸ் போகவில்லை. கடிதங்கள் அழுக்காகிவிடக் கூடாது என்று ஓரத்தை மட்டும் பிடித்திருந்தான்.

“எதுக்கு சார்?” என்றான்.

வயலின், தலைவாரல் எல்லாம் சொன்னேன். அமைதியாகத்தான் சொன்னேன். முழுசும் கேட்டான்.

“பயந்துட்டீங்க சார்,” என்றான். “எங்களுக்கும் பயமாத்தான் இருக்கு. விடுங்க. திங்கக்கிழமை ரயில். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை கடைசி பிராக்டிஸ். நீங்க வராம இருக்காதீங்க. சௌரிகிட்டயும் மாலிக்கிட்டயும் நான் ஒண்ணும் சொல்லல.”

என் தோளைத் தொடப் போனான். கை அழுக்காக இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டு போய்விட்டான்.

மன்னிப்பது பெரிய குணம் என்பார்கள். என்னை யாரும் அதுவரை மன்னித்ததில்லை. மன்னிக்கும்படி நான் எதுவும் செய்ததுமில்லை. அவன் போன பிறகு ஒரு ஜெபப் புத்தகத்தின் பதினாறு பக்கம் புரூஃப் பார்த்தேன். ஒரு பிழைகூட விடவில்லை.

ஞாயிறு. மார்ச் பதினொன்று. நாலு மணிக்கு பிராக்டிஸ். நான் மூன்று மணிக்கே போய்விட்டேன். சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிவப்புத் துணி ஒயரை இரண்டு பக்கமும் கழற்றிச் சுருட்டி, குடையோடு பைக்குள் வைத்தேன். மண்ணில் இருந்த கம்பியை ஆட்டிப் பிடுங்கி வாய்க்காலில் போட்டேன். அன்றைக்கு மோட்டார் ஓடவில்லை. தரை காய்ந்து தூசி பறந்தது. இரண்டு வாளி தண்ணீர் தெளித்தேன்.

ஒரு அதிர்ச்சி பட்டால் பயந்து பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள், அவ்வளவுதான் நினைத்தேன் என்று முதலில் எழுதினேன். மேலே அடித்திருக்கிறேன், பாருங்கள். அது பிழை. நான் நினைத்தது அது இல்லை.

நாலு மணிக்கு வந்தார்கள். பிலோமின்ராஜ் தோப்புக்குள் செருப்புப் போடமாட்டான். அது அவன் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். மாலிக்கிடம், “தம்பி, டிரம்மை வெளியே எடுத்து வா. ரயில்ல கொண்டு போற மாதிரி கட்டிப் பாக்கலாம்,” என்றேன். “சௌரி, கிதாரை வெச்சுட்டு நீயும் வாப்பா, கயிறு பிடிக்கணும்.” இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கயிற்றின் ஒரு நுனி சௌரி கையில், ஒரு நுனி என் கையில்.

உள்ளே மெயின் போடும் சத்தம் கேட்டது. மைக்கை உதட்டில் ஒட்டி வைத்து ஒன், டூ, த்ரீ சொல்லிப் பார்ப்பது அவன் வழக்கம்.

ஒன் மட்டும் கேட்டது.

பையன்கள் ஓடினார்கள். மாலிக் அவனைப் பிடிக்கக் கை நீட்டியபோது, “தொடாதே, முதல்ல மெயினை அணை,” என்று சொன்னது நான்தான். அந்த இரண்டு பேரும் இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கு அது காரணம். கோர்ட்டில் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்கள்.

வழக்கு பஷீர் அகமது மேல் போட்டார்கள். கவனக்குறைவாக மின்சாதனம் செய்து மரணம் விளைவித்ததாக. படித்தவன், வயதில் மூத்தவன், சம்பவ இடத்தில் இருந்தவன் என்பதால் நான் முக்கிய சாட்சி. எர்த் ஒயர் எப்போதாவது இருந்ததா என்று வக்கீல் கேட்டார். நான் பார்த்ததில்லை என்றேன். பையன்களுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாகவே இருந்துவந்ததால் அவர்கள் கொட்டகையின் பின்பக்கம் போனதே இல்லை.

பஷீர் அகமது கூண்டில் நின்று ஒன்றைத்தான் சொன்னார். “என் கையால கட்டினேங்க. செவப்புத் துணி முடிஞ்சு வெச்சேன். சாருக்குத் தெரியும். சார், சொல்லுங்க சார்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தேன். இரண்டு வருஷம் தண்டனை.

அவன் இறந்த அடுத்த மாதமே ‘புதுச் சத்தம்’ அரைப்பக்கத்தையும் தண்ணி லாரிக்கே கொடுத்தேன். பதினோரு தடவை கேட்டதையும் அன்றைக்குச் சாப்பிடாததையும் எழுதினேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று இதழாசிரியர் சொன்னார். வாசகர்களிடமிருந்து நூறு கடிதத்துக்கு மேல் வந்தது. பகுதியை முழுப்பக்கமாக்கினார்கள். பம்பாய்க்காரர்கூட அனுதாபம் தெரிவித்து எழுதினார்.

அவனுடைய நாற்பதாம் நாள் பூசை முடிந்து இருதயமேரி என் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானையில் ஒரு நோட்டை மூடி வைத்திருந்தாள்.

“அவன் எழுதி வெச்சதுங்க. பத்தொம்பது பாட்டு இருக்குன்னு மாலிக் எண்ணிச் சொன்னான். எனக்குப் படிக்கத் தெரியாது. உங்களப் பத்தி நல்லபடியா சொல்லுவான். நீங்கதான் சார் பாத்து ஏதாச்சும் செய்யணும்,” என்றாள்.

செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு அவள் கேக் கொடுத்தனுப்புவாள். இரண்டு வருஷமாக வரவில்லை. கண் தெரியாமல் போய்விட்டதாகக் கேள்வி.

போன மாதம் மாலிக் அச்சகத்துக்கு வந்தான். அவன் தங்கை நிக்காஹ் பத்திரிகை அடிக்க வேண்டும். டிரம்ஸை எப்போதோ விற்றுவிட்டானாம். சௌரியை அவன் வீட்டில் டெல்லிக்கு அனுப்பிவிட்டார்கள், கடிதம்கூட இல்லை என்றான். பத்திரிகையில் பெரியவர்கள் பெயர் வரிசையில் பஷீர் அகமது பெயருக்கு முன்னால் ‘மர்ஹூம்’ என்று போட்டிருந்தது. இறந்துபோனவர் என்று அர்த்தம்.

“எப்போ?” என்றேன்.

“ரமலானுக்கு முன்னாடி சார். ஜெயில்லருந்து வந்ததுலருந்தே கை நடுங்கும். ஒரு ஸ்க்ரூ முடுக்க முடியல. கடையத் திறக்கவே இல்ல. மௌத்தாகுற அன்னைக்கும் அந்தச் செவப்புத் துணியத்தான் சார் சொல்லிட்டிருந்தாங்க. மாமிக்கே சந்தேகம் வந்துடுச்சு, புத்தி பேதலிச்சுடுச்சோன்னு.” பத்திரிகைத் தாளை என் பக்கம் நகர்த்தினான். “எனக்குச் சந்தேகம் இல்ல சார். ஒயரு இருந்திருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க.”

‘மர்ஹூம்’ என்பதில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

ஒயர் இந்தப் பையில் இருக்கிறது. துணியையும் அவிழ்க்கவில்லை. முடிச்சு பஷீர் அகமதுவின் முடிச்சு என்று மாலிக்கைக் கூப்பிட்டுக் காட்டினால் சொல்லிவிடுவான். வழக்கு முடிந்து கட்டிவைத்தாகிவிட்டது, சம்பந்தப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குங்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். உடம்பு சரியில்லையா என்றும் கேட்டீர்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிலோமின்ராஜைக் கொன்றது நான். யோசித்து, நேரம் பார்த்து, தண்ணீர் தெளித்துக் கொன்றேன். பஷீர் அகமதுவை ஜெயிலுக்கு அனுப்பியதும் நான். ஆத்திரத்தில் செய்ததல்ல. பொறாமையா என்று கேட்டீர்கள். பொறாமைப்பட எனக்கு அவனிடம் என்ன இருந்தது?

இப்போது வந்து சொல்வதற்குக் காரணம், வேலை முடிந்துவிட்டது. நோட்டைத்தான் சொல்கிறேன். இதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேப்பரில் வழக்கு வந்தால் பாட்டுகளைப் பற்றியும் நாலு பேர் விசாரிப்பார்கள், அச்சில் வரும். அவன் எழுதிவைத்தபடி கொடுத்திருக்க முடியாது. எதுகை கிடையாது, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், பாதி கொச்சை. நாலு வருஷம் உட்கார்ந்து பத்தொன்பதையும் வரி வரியாகத் திருத்தியிருக்கிறேன். சிலவற்றில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. முழுசாகவே வேறு எழுத வேண்டியதாகிவிட்டது. ஆறும் நிலாவும் வரும் இடங்கள் நன்றாக அமைந்திருக்கின்றன. இரண்டு பிரதி இருந்தால் குழப்பம் என்று அவன் கையெழுத்தில் இருந்த தாள்களை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அட்டையில் பிலோமின்ராஜ் என்று அவன் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். அடுத்தவர் பாட்டில் கை வைக்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.